சறுக்கு வண்டியும் ஜெம் கிளிப்பும்

குழந்தைகளுக்குக் கதை சொல்லிப் பழக்கப்பட்டவர்களுக்கு ஒரு கேள்வி நன்றாகத் தெரிந்திருக்கும். ராஜகுமாரன் ஊர் திரும்பிவிட்டான், எல்லாரும் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்று சொல்லி நாம் வாயை மூடுவதற்குள் அந்தக் கேள்வி வந்து நிற்கும்: "இது நிஜமாவே நடந்ததா?"

பெரியவர்கள் இப்படிக் கேட்பதில்லை. நாவலைக் கையில் எடுக்கும்போதே, இது ஒருவர் உட்கார்ந்து எழுதியது என்பதை ஒப்புக்கொண்டுதான் எடுக்கிறார்கள். குழந்தையின் கணக்கு வேறு. நடந்தது என்றால் தானும் செய்து பார்க்கலாம். நடக்காதது என்றால் கேட்டு ரசித்துவிட்டுத் தூங்கப் போகலாம். அதற்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். ஆகையால், மற்ற கதைகளுக்கு எப்படியானாலும், தைரியத்தைப் பற்றிய கதைக்கு இந்தக் கேள்வி வரும்போது பதில் சொல்கிறவன் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஹிட்லரின் சைன்யம் ஐரோப்பாவில் பல தேசங்களைப் பிடித்துக்கொண்டது. அந்நிய சிப்பாய் தெருமுனையில் துப்பாக்கியுடன் நிற்க, அந்தத் தெரு வழியாகவே பள்ளிக்கூடம் போய்வந்த குழந்தைகளைப் பற்றி மேல்நாடுகளில் நிறையக் கதைகள் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றையும், அவற்றுக்கு ஆதாரமான சரித்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்குக் கிடைத்த சில எண்ணங்களை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கதை. 1942ல் மேரி மெக்ஸ்விகன் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதியது. 'ஸ்னோ ட்ரெஷர்' என்று பெயர்; பனிப் புதையல் என்று வைத்துக்கொள்ளலாம். நார்வே தேசத்தில் கடலோரத்து மலைக் கிராமம் ஒன்று. ஜெர்மானியர் வந்துவிட்டார்கள். தேசத்தின் தங்கம் மலைமேல் ஒரு குகையில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கீழே கடற்கழிமுகத்தில் மறைந்து நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும். பெரியவர்கள் கொண்டுபோனால் சோதனை போடுவார்கள். சறுக்கு வண்டியில் பனிமேல் விளையாடும் குழந்தைகளை யார் சோதிக்கப் போகிறார்கள்? பீட்டர் என்ற பன்னிரண்டு வயதுப் பையனின் தலைமையில் பிள்ளைகள் தங்கக் கட்டிகளை வண்டியில் கட்டி, அதன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, சிப்பாய்களின் கண்ணுக்கு எதிரிலேயே சறுக்கிக்கொண்டு போகிறார்கள். கீழே போய்ச் சேர்ந்ததும் கட்டிகளைப் பனியில் புதைத்து, அடையாளத்துக்கு மேலே ஒரு பனிப் பொம்மையைச் செய்து வைத்துவிடுகிறார்கள். இரவில் பீட்டரின் மாமா விக்டரின் ஆட்கள் வந்து தோண்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இதைப் படிக்கும் குழந்தை புத்தகத்தைக் கீழே வைக்காது. நானும் வைக்கவில்லை. பனிப் பொம்மைக்கு அடியில் தங்கம் என்பது கதைக்காரனுக்கு லேசில் கிடைக்கிற கற்பனையல்ல. படித்து முடித்ததும் என் வயசையும் மறந்து நான் கேட்ட கேள்வியும் அதேதான்: இது நிஜமாக நடந்ததா?

அதன் பின்னால் ஒரு நிஜம் இருக்கிறது. 1940 ஜூன் 28ந் தேதி 'பொம்மா' என்ற நார்வேக் கப்பல் தங்கத்துடன் அமெரிக்காவில் பால்டிமோர் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. பெயரைக் கேட்டால் நமக்குப் பொம்மை ஞாபகம் வருகிறது. ஆனால் விளையாட்டுச் சரக்கல்ல. தொண்ணூறு லட்சம் டாலர் பெறுமான தங்கம் என்று கதையின் முன்னுரை சொல்கிறது. அந்தக் காலத்தில் ஒரு அவுன்ஸ் தங்கத்தின் அதிகார விலை 35 டாலர். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய எட்டு டன் வருகிறது. இந்தக் கப்பல் செய்திதான் நாவலுக்கு வித்து. ஆனால் அந்தத் தங்கத்தைக் குழந்தைகள் சறுக்கு வண்டியில் கொண்டுவந்தார்கள் என்பதற்குச் சரித்திரத்தில் ஆதாரம் கிடையாது.

சரித்திரத்தில் இருப்பது வேறு கதை. அதுவும் சாமானியமான கதையல்ல.

1940ஆம் வருஷம் ஏப்ரல் 9ந் தேதி விடியற்காலை. 'ப்ளூக்கர்' என்ற புத்தம் புதிய ஜெர்மன் யுத்தக் கப்பல் தலைநகரமான ஆஸ்லோவைப் பிடிக்கக் கழிமுகத்துக்குள் நுழைந்தது. வழியில் ஆஸ்கார்ஸ்போர்க் என்று ஒரு பழைய கோட்டை. அதன் தளபதி பிர்கர் எரிக்ஸனுக்கு 64 வயது. அவரிடம் இருந்த பெரிய பீரங்கிகள் 1890களில் வாங்கியவை. அதிலும் ஜெர்மனியிலேயே, க்ருப் தொழிற்சாலையில் செய்தவை. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் சுடச் சொன்னார். இரண்டே இரண்டு குண்டுகள், இரண்டும் பட்டன. பிறகு தண்ணீருக்கடியில் டார்பிடோக்கள் பாய்ந்தன. அன்று காலையிலேயே ப்ளூக்கர் கழிமுகத்தின் அடியில் போய்ப் படுத்துவிட்டது.

இதனால் ஆஸ்லோவுக்குச் சில மணி நேரம் அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசத்தில் அரசர் ஏழாம் ஹாக்கனும் மந்திரிகளும் பார்லிமெண்டு அங்கத்தினர்களும் ரயிலேறி வடக்கே போனார்கள். தேசத்தின் பாங்கியில் சுமார் 50 டன் தங்கம் இருந்தது. அதை 26 லாரிகளில் ஏற்றி லில்லஹாமர் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். 1,503 பெட்டிகள், தங்க நாணயங்கள் நிரம்பிய 39 சிறு பீப்பாய்கள். கடைசி லாரி ஊரை விட்டுக் கிளம்பியபோது ஜெர்மன் சிப்பாய்கள் ஆஸ்லோவுக்குள் வந்துகொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் அந்தப் பெட்டிகள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஃப்ரெட்ரிக் ஹாஸ்லுண்ட் என்பவர் பொறுப்பேற்றுக்கொண்டார். கூடக் காவலுக்கு வந்தவர்களில் நோர்டால் க்ரீக் என்ற புகழ்பெற்ற கவிஞரும் ஒருவர். லில்லஹாமரிலிருந்து இரவோடிரவாக ரயிலில் ஆண்டல்ஸ்னெஸ் துறைமுகத்துக்கு. அங்கே ஒரு பகுதி 'கலாட்டியா' என்ற பிரிட்டிஷ் கப்பலில் ஏறியது. மிச்சம் லாரிகளில், குண்டு விழுந்த ரஸ்தாக்களின் வழியே, மோல்டே என்ற ஊருக்கு. மோல்டே தீப்பற்றி எரிந்துகொண்டிருந்த வேளையில் 'கிளாஸ்கோ' என்ற கப்பலில் அரசரும் மந்திரிகளும் ஏறினார்கள். தங்கத்தில் இன்னொரு பகுதியும் ஏறியது. பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மீன்பிடி படகுகளில் ஏற்றினார்கள். பகலில் ஒதுங்கி நின்று, இரவில் ஓட்டி, வடகோடியில் உள்ள ட்ரோம்ஸோவுக்குக் கொண்டுபோனார்கள். மே மாதக் கடைசியில் 'என்டர்பிரைஸ்' என்ற கப்பல் அதையும் எடுத்துக்கொண்டு போயிற்று.

கடைசியில் எண்ணிப் பார்த்தபோது ஒரு பெட்டிகூடக் குறையவில்லை. உடைந்த பீப்பாயிலிருந்து 297 நாணயங்கள் மட்டும் காணவில்லையாம். அத்தனை கைகள் மாறிய 50 டன்னில் அவ்வளவுதான் நஷ்டம். நம் ஊரில் ஒரு கல்யாண வீட்டுச் சாமான்களை நாலு தெரு தள்ளிக் கொண்டுபோனால் எத்தனை பாத்திரம் குறைகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தக் காரியத்தின் பெருமை விளங்கும்.

இத்தனையிலும் குழந்தை ஒன்றுகூட இல்லை. லாரி டிரைவர்கள், பாங்கி குமாஸ்தாக்கள், ரயில்வே சிப்பந்திகள், செம்படவர்கள், ஒரு கவிஞர், ஒரு கிழத் தளபதி. இவர்கள்தான்.

அப்படியானால் அந்த அம்மாள் பொய் சொல்லிவிட்டாளா? நானும் இதே தொழில் செய்கிறவன். சக தொழிலாளியை அவ்வளவு சீக்கிரம் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. 1942ல் அமெரிக்காவும் யுத்தத்தில் இறங்கிவிட்டது. யுத்தம் எப்படி முடியும் என்று யாருக்கும் தெரியாத வருஷம் அது. அந்தச் சமயத்தில் எழுதுகிறவளுக்கு, 'உங்களாலும் ஏதோ செய்ய முடியும்' என்று குழந்தைகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. லாரி டிரைவரைக் கதாநாயகனாக்கினால் குழந்தை தள்ளி நின்று வேடிக்கை பார்க்கும். பீட்டரைக் கதாநாயகனாக்கினால் தானே வண்டியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். கதையின் நியாயம் அது. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் குறை வேறு. நார்வேயின் குழந்தைகளுக்கு அவள் கற்பனையாக ஒரு பெரிய வீரத்தைக் கொடுத்தாள். அவள் எழுதிக்கொண்டிருந்த அதே சமயத்தில், அவர்கள் நிஜமாகவே ஒரு சின்ன வீரத்தைத் தினந்தோறும் செய்துகொண்டிருந்தார்கள். அது கடல் தாண்டி வரவில்லை. யுத்த காலத்தில் எப்படி வரும்?

ஆபீசுகளில் காகிதங்களைச் சேர்த்துச் செருகுகிற ஜெம் கிளிப்பை நமக்கெல்லாம் தெரியும். 1940ல் ஆஸ்லோ சர்வகலாசாலை மாணவர்கள் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு வரத் தொடங்கினார்கள். 'நாங்கள் சேர்ந்திருக்கிறோம்' என்று அதற்கு அர்த்தம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், கோஷம் வேண்டாம். எதிரே வருகிறவன் பார்த்தால் புரிந்துகொள்வான். அரசர் ஹாக்கனின் அடையாள எழுத்தைச் சுவரில் கிறுக்கினார்கள். சிவப்புக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டார்கள். அதிகாரிகளுக்கு இது பொறுக்கவில்லை. ஜெம் கிளிப்பைத் தடை செய்தார்கள். 1942 பிப்ரவரியில் ட்ரான்ட்ஹெய்ம் நகரத்துப் போலீஸ் சிவப்புத் தொப்பியையும் தடை செய்தது. பதினாலு வயதுக்குக் குறைந்த குழந்தை போட்டுக்கொண்டு வந்தால் தொப்பி பறிமுதல், தண்டனை தாய் தகப்பனுக்கு என்று உத்தரவு போட்டார்கள். பீரங்கியும் விமானமும் வைத்திருந்த ராஜ்யம் ஒரு குழந்தையின் குல்லாவுக்கு உத்தரவு போட வேண்டியதாயிற்று!

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. ஜெர்மானியரின் தயவில் பிரதம மந்திரியாகியிருந்த க்விஸ்லிங் இரண்டு சட்டங்கள் கொண்டுவந்தார். உபாத்தியாயர்கள் எல்லாரும் புதிய நாஜி சங்கத்தில் சேர வேண்டும். பத்து முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் எல்லாரும் கட்சியின் இளைஞர் படையில் சேர வேண்டும். தேசத்தில் சுமார் 12,000 உபாத்தியாயர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் 'சேர மாட்டேன்' என்று தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதிவிட்டார்கள். தாய் தகப்பன்மார் எழுதிய ஆட்சேபக் கடிதங்கள் ஏறத்தாழ 2 லட்சம் என்கிறார்கள். விறகு இல்லை என்று காரணம் சொல்லிச் சர்க்கார் ஒரு மாதம் பள்ளிக்கூடங்களை மூடியது. வீட்டுக் கூடங்களில் பாடம் நடந்தது. மார்ச்சில் சுமார் 1,100 உபாத்தியாயர்களைக் கைது செய்தார்கள். அவர்களில் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களை நார்வேயின் வடகோடியிலுள்ள கிர்க்கனெஸ் என்ற இடத்துக்கு மூட்டை சுமக்க அனுப்பினார்கள். கைதான வாத்தியார்களை ஏற்றிக்கொண்டு ரயில் போனபோது வழியில் இருந்த ஸ்டேஷன்களில் பள்ளிப் பிள்ளைகள் கூடி நின்று பாடினார்களாம்.

அந்த வருஷம் நவம்பருக்குள் உபாத்தியாயர்கள் வீடு திரும்பினார்கள். அவர்களை மொத்தமாக நாஜி சங்கத்தில் சேர்க்க முடியவில்லை. பிள்ளைகளைக் கட்டாயமாக இளைஞர் படையில் சேர்க்கும் திட்டமும் நடைமுறைக்கு வராமல் போயிற்று.

தங்கக் கட்டியைச் சுமந்து போகிற பீட்டருக்கு ஒரு சௌகரியம் உண்டு. காரியம் ஒருநாள் முடிந்துவிடும். கப்பல் கிளம்பிவிடும். சிவப்புத் தொப்பிக்காரனுக்கு அப்படி முடிவு கிடையாது. நாளைக் காலையிலும் அதே தெரு, அதே போலீஸ்காரன். வீட்டில் அப்பாவுக்குத் தண்டனை வந்துவிடுமோ என்ற பயம். போட்டுக்கொள்ளாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. இரண்டில் எது கடினம் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

'அப்படியானால் பிள்ளைகள் பெரிய காரியம் எதுவும் செய்யவே இல்லையா?' என்று வாசகர்கள் கேட்கலாம். செய்தவர்கள் உண்டு. நார்வேயைப் பிடித்த அதே ஏப்ரல் 9ந் தேதிதான் ஜெர்மானியர் டென்மார்க்கையும் பிடித்தார்கள். டென்மார்க்கின் பெரியவர்கள் சில மணி நேரத்தில் பணிந்துவிட்டார்கள். இது ஆல்போர்க் என்ற ஊரில் படித்த க்னுட் பெடர்ஸன் என்ற பையனுக்கும் அவன் சிநேகிதர்களுக்கும் அவமானமாக இருந்தது. சர்ச்சில் பெயரில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். சைக்கிளில் போய் ஜெர்மானியரின் வண்டிகளுக்குத் தீ வைத்தார்கள், துப்பாக்கிகளைத் திருடினார்கள். 1942 மே மாதம் பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். பலருக்கு மீசைகூட முளைத்திருக்காது. டென்மார்க்கில் பெரியவர்களின் எதிர்ப்பு வலுப்பட்டது அதற்குப் பிறகுதான்.

ஆனால் டென்மார்க்கைப் பற்றிக் குழந்தைகளுக்காக எழுதிய கதைகளில் மிகவும் பெயர் பெற்றது இவர்களைப் பற்றியதல்ல. லோயிஸ் லௌரி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1989ல் எழுதிய 'நம்பர் த ஸ்டார்ஸ்' என்ற நாவல் அது. மறு வருஷம் நியூபெரி பதக்கம் பெற்றது. அதற்கு ஆதாரமான சரித்திரம் இது:

1943 செப்டம்பர் கடைசியில் டென்மார்க்கின் யூதர்கள் அத்தனை பேரையும் ஒரே இரவில் பிடித்துப் போவதென்று ஜெர்மானியர் திட்டமிட்டார்கள். டக்விட்ஸ் என்ற ஜெர்மன் அதிகாரி மனம் பொறுக்காமல் அந்தச் செய்தியை முன்கூட்டியே டேனிஷ்காரர்களிடம் சொல்லிவிட்டார். செப்டம்பர் 29ந் தேதி காலை கோபன்ஹேகன் யூதக் கோயிலில் கூடியவர்களிடம் மத குரு மார்க்கஸ் மெல்கியோர், 'இன்று பூஜை இல்லை, உடனே போய் ஒளிந்துகொள்ளுங்கள்' என்று சொல்லி அனுப்பினார். அக்டோபர் முதல் தேதி இரவு சிப்பாய்கள் கதவைத் தட்டியபோது பெரும்பாலான வீடுகள் காலி. பிறகு சில வாரங்களில் சுமார் 7,200 யூதர்களையும், அவர்களுடன் சம்பந்தம் செய்துகொண்ட யூதரல்லாத எழுநூறு பேரையும் செம்படவர்கள் படகில் ஸ்வீடனுக்குக் கொண்டு சேர்த்தார்கள். குறுகலான இடத்தில் அந்தக் கடலின் அகலம் சுமார் 4 கிலோமீட்டர்தான். இருந்தாலும் ரோந்துப் படகுகள் சுற்றிக்கொண்டிருந்த கடல்.

லௌரியின் கதாநாயகி ஆன்மாரிக்குப் பத்து வயது. அவளுடைய சிநேகிதி எல்லன் யூதப் பெண். எல்லனின் குடும்பத்தைக் கில்லலெய என்ற கடற்கரை ஊரில் இருக்கும் மாமன் ஹென்ரிக்கின் படகில் அனுப்ப வேண்டும். ஆன்மாரி செய்கிற பெரிய காரியம் என்ன தெரியுமா? மாமனுக்குச் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு காட்டு வழியே ஓடுவது. கூடையின் அடியில் ஒரு பொட்டலம் இருக்கிறது. அதில் என்ன என்று அவளுக்குத் தெரியாது. வழியில் சிப்பாய்களும் நாய்களும் மறிக்கிறார்கள். விஷயம் தெரியாத அசட்டுப் பெண்ணைப் போல அழுது, உளறி, தப்பிக்கிறாள். பொட்டலத்தில் இருந்தது ஒரு கைக்குட்டை. படகில் ஒளிந்திருப்பவர்களை நாய் மோப்பம் பிடிக்காமலிருக்க மருந்து தடவியது. அப்படிப்பட்ட கைக்குட்டைகளை அந்த நாளில் செம்படவர்கள் நிஜமாகவே வைத்திருந்தார்கள்.

எல்லாம் தெரிந்துகொண்டு தைரியமாக இருப்பது கஷ்டம், அதனால்தான் உனக்குச் சொல்லவில்லை என்ற கருத்தில் மாமன் அவளிடம் பேசுகிற இடம் இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே பெரியவர்கள் குழந்தையை உபயோகிக்கிறார்கள்; ஆனால் பாரத்தைத் தாங்கள் சுமந்துகொண்டு, அவளால் தூக்க முடிந்த அளவே அவள் கையில் கொடுக்கிறார்கள். சிவப்புத் தொப்பிக்கும் இந்தக் கூடைக்கும் தூரம் அதிகமில்லை.

இந்தக் கதையிலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதே கில்லலெய ஊரில் மாதா கோயிலின் பரணில் சுமார் 80 யூதர்கள் ஒளிந்திருந்தார்கள். அக்டோபர் 6ந் தேதி இரவு ஜெர்மானியர் கோயிலைச் சூழ்ந்துகொண்டார்கள். பரணில் இருந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊர் ஜனங்கள் தைரியமாகத்தான் இருந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். அப்படியும் தோற்றுப் போயிற்று. படகோட்டிகளில் சிலர் ஆளுக்கு இவ்வளவு என்று பெரும் தொகை பேசி வாங்கிக்கொண்டார்கள் என்பதும் சரித்திரம்தான்.

பத்து வயதுக் குழந்தைக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டுமா? கதை எழுதுகிறவன் ஒவ்வொருவனும் ஒருநாள் இந்த இடத்தில் பேனாவை நிறுத்தித்தான் ஆக வேண்டும். முதல் கதையிலேயே சொல்ல வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் தைரியமாக இருந்தால் நிச்சயம் ஜெயிக்கலாம் என்று குழந்தையை நம்ப வைத்துவிடக் கூடாது. அப்படி நம்பிய குழந்தை, நல்லவர்கள் தோற்றதைப் பார்க்கிற முதல் நாளில், தைரியம் என்பதே வெறும் புரளி என்று நினைத்துவிடும். பரணிலிருந்து பிடிபட்டவர்கள் கோழைகள் அல்ல. அவர்களை ஒளித்து வைத்தவர்கள் முட்டாள்களும் அல்ல. இதைச் சொல்லக்கூடிய வயது ஒன்று உண்டு. அந்த வயது வரும்போது சொல்லாமல் இருந்துவிட்டால்தான் நாம் பொய் சொன்னவர்களாவோம்.

மூன்றாவதாக ஒரு தேசத்துக்குப் போவோம். இது எல்லாவற்றிலும் கொடுமையாக நசுக்கப்பட்ட தேசம். போலந்தின் தலைநகரான வார்ஸாவில், பழைய நகரத்து மதில் ஓரமாக ஒரு சிறு சிலை இருக்கிறது. 1983ல் வைத்தார்கள். ஒரு சின்னப் பையன். தலையில் பெரியவர்களுடைய இரும்புத் தொப்பி. கண்ணை மறைக்கும் அளவு பெரிசு. காலில் பெரியவர்களுடைய பூட்ஸ். கையில் துப்பாக்கி. 1944 ஆகஸ்டு முதல் தேதி தொடங்கி 63 நாள் நடந்த வார்ஸா எழுச்சியில் பங்கெடுத்த குழந்தைகளின் ஞாபகார்த்தம் அது.

அந்த எழுச்சியில் பால சாரணர்கள் கடிதம் சுமந்தார்கள். இடிந்த சுவர்களுக்கு இடையே, சாக்கடைக் குழாய்களுக்குள்ளே புகுந்து, நகரத்தின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் செய்தி கொண்டுபோனார்கள். பன்னிரண்டிலிருந்து பதினாலு வயது வரையுள்ளவர்களை நேரே சண்டையில் விடுவதில்லை என்று சாரணத் தலைவர்கள் தனிப் பிரிவாக வைத்து, இந்த மாதிரி வேலைகளைக் கொடுத்தார்கள். ஆனால் குண்டுக்கு வயது தெரியாது. கடிதம் கொண்டுபோன பிள்ளைகளில் திரும்பி வராதவர்கள் உண்டு.

சிலையின் படத்தைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையைவிடச் சங்கடந்தான் அதிகமாகிறது. அந்தத் தொப்பி அவன் தலைக்குப் பொருந்தவில்லை என்பதைச் சிற்பி மறைக்கவில்லை. அவன் வீரன் என்பதில் சந்தேகமில்லை. அவன் தலைக்கு அந்தத் தொப்பி வந்து சேர்ந்தது யாருடைய குற்றம் என்ற கேள்வியும் அங்கேயே நிற்கிறது.

இந்தச் சங்கடத்தைப் புரிந்துகொண்டு எழுதியவர் என்று இயன் செரேலியர் என்ற ஆங்கிலேயரைச் சொல்வேன். பள்ளிக்கூட வாத்தியார். 1956ல் 'த சில்வர் ஸோர்ட்' என்ற நாவலை எழுதினார். வார்ஸாவில் தாயும் தகப்பனும் பிடிபட்டுப் போன பிறகு மூன்று குழந்தைகள் இடிபாடுகளில் தனியே வாழ்கிறார்கள். நாலாவதாக ஒரு அநாதைப் பையனும் வந்து சேர்ந்துகொள்கிறான். வெள்ளி வாள் என்ற பெயரைக் கேட்டால் யுத்தக் கதை போலத் தோன்றும். வாள் என்பது கடிதம் பிரிக்கிற ஒரு சின்னக் கத்தி, அவ்வளவுதான். மூத்தவள் ரூத் செய்கிற வீரச் செயல், ஒரு நிலவறையில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டி வைத்துப் பள்ளிக்கூடம் நடத்துவது.

இது வெறும் கற்பனை அல்ல. போலந்தில் ஜெர்மானியர் சர்வகலாசாலைகளையும் மேல்நிலைப் பள்ளிகளையும் மூடிவிட்டார்கள். அடிமைக்கு அவ்வளவு படிப்பு எதற்கு என்பது அவர்கள் எண்ணம். வீடுகளில் ரகசியமாக வகுப்புகள் நடந்தன. சொல்லிக்கொடுத்தவர்களும் படித்தவர்களும் பிடிபட்டால் சிறை முகாம். சில சமயம் மரணம். அப்படியும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினார்கள். வாய்ப்பாடு ஒப்புவிப்பதற்கு உயிரைப் பணயம் வைத்த குழந்தைகள்!

நிஜமாவே நடந்ததா என்று கேட்கிற குழந்தைக்கு இப்போது என்ன பதில் சொல்வது? பனிப் பொம்மைக்கு அடியில் தங்கம் இருந்தது கதைதான் என்று கூசாமல் சொல்லிவிடலாம். அதனால் கதையின் ருசி குறைந்துவிடாது. உடனே அடுத்த வாய்க்கு ஜெம் கிளிப்பையும் சிவப்புத் தொப்பியையும் ரகசிய வகுப்பையும் எடுத்துச் சொல்லலாம். இவை நடந்தவை. உன் வயசுக்காரர்கள் செய்தவை. தங்கத்தைக் காப்பாற்றியவர்கள் பெரியவர்கள்; அது அவர்கள் வேலை, அவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள் என்று சொல்லலாம். பெரியவர்கள் தங்கள் வேலையைச் செய்த இடங்களில் குழந்தையின் பங்குக்கு ஒரு தொப்பியும் ஒரு சாப்பாட்டுக் கூடையும் போதுமானதாக இருந்தன. எல்லாம் கைமீறிப் போன இடத்தில்தான் குழந்தை இரும்புத் தொப்பி போட்டுக்கொள்ள நேர்ந்தது.

நம் வீட்டுக் குழந்தையிடம் ஒரு நாளும் யாரும் தங்கக் கட்டியைக் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லப் போவதில்லை; சொல்லவும் வேண்டாம். ஆனால் வகுப்பில் எல்லாரும் சேர்ந்து ஒருத்தனை ஒதுக்கி வைக்கும்போது அவன் பக்கத்தில் போய் உட்காருவதா வேண்டாமா என்ற கேள்வி அநேகமாக வரும். யாரையோ காட்டிக்கொடுத்தால் தனக்கு நல்லது நடக்கும் என்கிற சந்தர்ப்பமும் வரும். அப்போது பீட்டரின் சறுக்கு வண்டியைவிட, சட்டையில் குத்திய அந்தச் சின்னக் கம்பி அதற்கு அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.